தங்கப்பாண்டியன் அய்யாவின் அணிந்துரை

முல்லையாற்றுத் தமிழ்ப் பேராயத்தில் புத்தகம் படிக்கிற வழக்கம் இல்லை. அதற்காக அங்கே இலக்கியத்துக்குக் குறைவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மாதம் தவறாமல் உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூடுவார்கள். குத்துவிளக்கு ஏற்றுவார்கள். ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்வார்கள். போன மாதம் வாங்கிய பொன்னாடையை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து இந்த மாதம் இன்னொருவருக்குப் போர்த்துவார்கள். தலைவர் தோளிலிருந்து கிளம்பிய பொன்னாடை ஒன்று செயலாளர், பொருளாளர், துணைத்தலைவர்கள் என்று எல்லாத் தோளையும் சுற்றிவிட்டு மறு வருடம் தலைவர் தோளுக்கே வந்து சேர்ந்தது. மூலையில் இருந்த சாம்பார்க் கறையை வைத்து அவர் அதை அடையாளம் கண்டுகொண்டார். சந்தோஷமாகவே போர்த்திக்கொண்டார்.

அப்படிப்பட்ட பேராயத்தின் கண்ணில் நாகஜோதி எழுதிய நாவல் பட்டது.

நாகஜோதிக்கு ஊர் கோம்பை. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பொன்னுராஜ் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், தோட்டத்துக் குத்தகைப் பத்திரம் எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும். வாசிப்பு அவளைச் சின்ன வயதிலேயே பிடித்துக்கொண்டது. கிளை நூலகத்தில் ஒரு ஆளுக்கு இத்தனை புத்தகம்தான் என்று சொன்னதால், எழுதப் படிக்கத் தெரியாத அப்பா, அம்மா பெயரிலும் கார்டு வாங்கி வைத்திருந்தாள். அவள் அம்மா முத்துமாரியம்மாள் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போகிறவள். சாயங்காலம் திரும்பும்போது பழம்பொரியை மலையாளப் பேப்பரில் பொதிந்து வாங்கி வருவாள். மகள் அந்தப் பேப்பரை எண்ணெய்க் கறையோடு விரித்து வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி, அந்த மொழியையும் வாசிக்கக் கற்றுக்கொண்டாள். இவளுக்குப் பலகாரமே வேண்டாம், வெறும் பேப்பரைக் கொடுத்தால் போதும் என்று முத்துமாரியம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

நாகஜோதி கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது, பெண்களை ஏற்றிக்கொண்டு போன ஆறு மணி ஜீப் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி அந்தப் பக்கம் இறங்குகையில் ஒரு வளைவில் நேராகப் போய்விட்டது. முத்துமாரியம்மாள் போனாள். கூட வந்த பெண்களில் பாதிப் பேர் போனார்கள். ஜீப்பை ஓட்டிய ராக்கப்பனும் போனான். மறுநாள் தமிழ்ப் பேப்பரில் ‘பெண் தொழிலாளர்கள்’ என்று மட்டும் போட்டிருந்தது. மலையாளப் பேப்பரில் பெயர்கள் வந்திருந்தன. அதில் அம்மாவின் பெயர் தப்பாக இருந்தது. இரண்டு பேப்பரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றுதான்: டிரைவர் தூங்கிவிட்டான்.

ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டது. ராக்கப்பன் பெண்டாட்டி பாண்டீஸ்வரியும் ஏலக்காட்டுக்குப் போய்வந்தவள்தான். அதற்குப் பிறகு எந்த ஜீப்பிலும் பெண்கள் அவளுக்கு இடம் விடவில்லை. அவள் உத்தமபாளையத்துக் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போனாள். நாகஜோதியின் அப்பா கர்ணன் அவள் தெருவில் வந்தால் அடுத்த தெரு வழியாகப் போவார்.

நாகஜோதி எழுதத் தொடங்கியது அந்தத் தப்பான பெயரைத் திருத்தத்தான். கோம்பைக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் எழுதினாள். கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் எழுதினாள். அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். ஒவ்வொரு அத்தியாயமும் அந்த ஜீப்பில் போன ஒருத்தி தன் வாயால் சொல்வது. கடைசி அத்தியாயம் மட்டும் ஜீப்பின் முதலாளி சொல்வது. அந்த முதலாளியிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவர் எப்படி யோசித்திருப்பார் என்று தெரியாமல் அவளால் நாவலை முடிக்க முடியவில்லை. விபத்துச் செய்தியைப் போனில் சொன்னவனிடம் அவர் முதலில் வண்டியைப் பற்றித்தான் விசாரித்தார் என்று ஊரில் பேச்சு. அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவருக்குள் இறங்கி, ‘நான்’ ‘நான்’ என்று எழுதினாள். நாவலிலேயே அதிக நாள் எடுத்தது அந்த அத்தியாயம்தான். ‘ஆறு மணி வண்டி’ என்று பெயர் வைத்தாள். மதுரையில் ஒரு சின்னப் பதிப்பகம் கொஞ்சம் பிரதிகள் போட்டது. பெரும்பாலானவை அவள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தன.

பேராயத்தின் அழைப்பிதழ்கள் பொன்னுராஜ் கடையில்தான் தயாராகும். தன் கடையிலேயே ஒரு எழுத்தாளர் இருக்கிற பெருமையைப் பொன்னுராஜ் பேராயத் தலைவர் சுருளிராஜனிடம் சொன்னார். செந்தமிழ்ச் சுடர் சுருளிராஜன் கணக்குத் தணிக்கை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். இளம் எழுத்தாளரை ஊக்குவிப்பது பேராயத்தின் நோக்கங்களில் ஒன்றாக அச்சடித்தே இருந்ததால், அடுத்த கூட்டத்தில் நாவலுக்கு அறிமுக விழா என்று உடனே முடிவு செய்தார்.

விழாவில் முதலில் பேசிய தமிழாசிரியர் நூலின் தலைப்பை எடுத்துக்கொண்டார். ஆறு என்றால் நதி, மணி என்றால் முத்து என்று பிரித்து, முல்லையாறு எப்படி முத்துப்போலப் பாய்கிறது என்று அரைமணி நேரம் பேசினார். வண்டி என்ற சொல்லுக்கு நேரம் போதவில்லை. இரண்டாவதாகப் பேசியவர் தன் மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்த விதத்தைச் சொல்லி, அது இந்த நாவலோடு தொடர்புடையது என்று முடித்தார். என்ன தொடர்பு என்று கடைசிவரை தெரியவில்லை. பிறகு தலைமையுரை.

“இந்த நாவலை நான் படிக்கவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்” என்றார் சுருளிராஜன். “படித்துவிட்டால் நூலைப் பற்றி எனக்கு ஒரு கருத்து வந்துவிடும். கருத்து வந்துவிட்டால் நடுநிலை போய்விடும். முப்பது ஆண்டுகள் தணிக்கைத் துறையில் இருந்தவன் நான். எந்தக் கணக்கையும் நான் அப்படி அணுகியதில்லை.”

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. நாகஜோதி அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். அவள் எழுந்தபோது கீழே பந்தி தயாராகிவிட்டது. ஏற்புரையை இரத்தினச் சுருக்கமாக முடிக்கும்படி துண்டுச் சீட்டு வந்தது. நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இரத்தினச் சுருக்கமாகப் பேசியதற்காக அவளுக்கு இன்னொரு பொன்னாடை கிடைத்தது.

அத்தோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. பேராயம் அந்த நாவலைத் தன் பெயரில் மறுபதிப்பாகக் கொண்டுவர முடிவு செய்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிற எல்லாக் கிளை நூலகத்துக்கும் அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். நாகஜோதி அதற்குத்தான் மயங்கினாள். சின்னமனூரிலும் கூடலூரிலும் யாரோ ஒரு பெண் அலமாரியிலிருந்து அதை உருவி எடுத்து நின்றபடியே முதல் பக்கத்தைப் படிப்பாள் என்று நினைத்ததும் சரி என்று சொல்லிவிட்டாள்.

மறுபதிப்பு என்றால் ஆய்வுக் குழு வேண்டும். ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. வாங்கி வைத்திருந்தது ஒரே பிரதி என்பதால் அதைத் தையல் பிரித்து ஏழாகக் கிழித்து ஆளுக்கு ஒரு பகுதி கொடுத்தார்கள். மூன்றாம் பகுதி கிடைத்தவர், கதை தொடக்கமே இல்லாமல் தொடங்குவது நாவலுக்குப் பெரிய குறை என்று எழுதிக் கொடுத்தார். ஐந்தாம் பகுதிக்காரர், பாத்திரங்கள் யார் என்று ஆசிரியர் அறிமுகமே செய்யவில்லை என்று வருத்தப்பட்டார். கடைசிப் பகுதி கிடைத்தவர் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் போயிருந்தார். கட்டுப் பிரிக்கும்வரை எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், தன் பகுதி இல்லாமலேயே நாவல் நிறைவாக இருக்கிறது என்று மகனைவிட்டு எழுதி அனுப்பினார்.

அந்தக் கருத்து நல்ல சமயத்தில் வந்தது. ஏனென்றால் பதிப்பில் இடம் இல்லை. தலைவரின் பதிப்புரை, செயலாளரின் முன்னுரை, துணைத்தலைவர்களின் வாழ்த்துரைகள், ஆய்வுக் குழுவினரின் பாராட்டுரைகள், எல்லாருக்கும் முழுப்பக்க வண்ணப்படம். இவற்றோடு புரவலரின் அணிந்துரை. எல்லாம் சேர்ந்தபோது புத்தகத்தில் நாவல் எழுபதாம் பக்கத்துக்கு மேல்தான் ஆரம்பித்தது. எதையாவது குறைத்தாக வேண்டும் என்று வந்தபோது, குறைக்கக் கூடியது நாவல் ஒன்றுதான் என்று எல்லாருக்கும் பட்டது.

புரவலர் வேறு யாரும் இல்லை. கோம்பைக்காரர், மலையில் ஏலத்தோட்டங்களும் அடிவாரத்தில் ஜீப்புகளும் வைத்திருக்கிற வள்ளல் தங்கப்பாண்டியன். அந்த ஆறு மணி வண்டியின் முதலாளி.

கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடும்படி சொல்ல சுருளிராஜன் கடைக்கே வந்தார். மேடைத் தமிழ் மேடையோடு சரி. கடையில் அவர் ஊர்ப்பேச்சுத்தான் பேசுவார்.

“அய்யா, அதுலதான் எங்கம்மா சாகுறாக” என்றாள் நாகஜோதி.

“எல்லா நாவல்லயும் யாராச்சும் செத்துக்கிட்டேதான் இருக்காக. இதுல ஒரு ஆளாச்சும் பொழச்சுக் கிடக்கட்டுமே, படிக்கிறவுகளுக்கு ஒரு நம்பிக்கை வரும்ல” என்றார் அவர். “நாவல எங்கன வேணாலும் நிறுத்தலாம்மா. அணிந்துரைய அப்பிடிப் பாதியில நிறுத்த முடியுமா? பெரிய மனுசங்க கோவிச்சுக்கிடுவாக.”

அவர் போன பிறகு, அவர்கள் சொன்னபடி அடித்துக் கொடுத்துவிடுமாறு பொன்னுராஜ் சங்கடத்தோடு சொன்னார். அவருக்கு அவள் மேல் பிரியம் உண்டு. கடை மேலும் பிரியம் உண்டு.

இப்படியாக, அம்மா சாகிற அத்தியாயத்தை வெட்டி எடுக்கிற வேலை மகளுக்கே வந்தது. நாகஜோதி அதை எடுத்துத் தனியாக வைத்தாள். பிறகு முன்னுரைகளை ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசியாகத் தங்கப்பாண்டியனின் அணிந்துரை வந்தது. எழுதியது சுருளிராஜன் என்பது கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. ‘எமது ஏலத்தோட்டங்களுக்கு மகளிர் ஜீப்புகளில் அமர்ந்து சிரித்தபடியே மலையேறும் காட்சியைக் காண நான் கண்கோடி பெற்றிலேனே’ என்று இருந்தது.

மத்தியானம். பொன்னுராஜ் சாப்பிடப் போயிருந்தார். வெளியே கம்பம் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாகஜோதி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்கூடச் சரியாக வரவில்லை.  அணிந்துரை முழுவதையும் அழித்தாள். அந்த இடத்தில் கடைசி அத்தியாயத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அதுவும் ‘நான்’ என்றுதான் தொடங்கியது. மேலே வள்ளலின் வண்ணப்படம், கீழே அவர் கையொப்பம். ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

‘நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் வண்டியில் ஆட்கள் இருந்தது ஞாபகம் வந்தது. போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால், வண்டியில் பாதி ஆள்தான் ஏறினார்கள் என்று சொல்லச் சொன்னேன். பிழைத்தவர்களும் அப்படியே சொன்னார்கள். நாளைக்கும் அவர்களுக்கு என் வண்டிதானே.’

பிடித்துவிடுவார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். பிடிக்கட்டும் என்றுதான் வைத்தாள். யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டு அவளைத் திட்ட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

மெய்ப்புக் குழு அச்சுப்படியைப் பத்து நாள் வைத்திருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் குழுவினர் அத்தனை பேரும் சுருக்கொப்பம் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு திருத்தம் இருந்தது. ‘செந்தமிழ்ச் சுடர்’ என்ற எழுத்தைவிட ‘வள்ளல்’ என்ற எழுத்து பெரிதாகத் தெரிவதாகத் தலைவர் குறித்திருந்தார்.

வெளியீட்டு விழா தடபுடலாக நடந்தது. சுருளிராஜன் அணிந்துரையைத் தனியாக எடுத்துப் பாராட்டினார். வள்ளல் தன் நெஞ்சத்தைத் திறந்து வைத்திருக்கிறார், வரிக்கு வரி அனுபவம் பேசுகிறது, இந்த அணிந்துரையைப் படித்துக் கண் கலங்காதவர் மனிதரே அல்ல என்றார். மற்றவர்களும் ஆளுக்கு ஒரு சொல் கூட்டிப் பேசினார்கள். தங்கப்பாண்டியன் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். ஏதோ மனதில் பட்டதை எழுதியதாகச் சொன்னார். எல்லாவற்றையும் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார்கள்.

புத்தகங்கள் நூலகங்களுக்குப் போயின. நாகஜோதி ஒரு விடுமுறை நாளில் சின்னமனூர் கிளை நூலகத்துக்குப் போய்ப் பார்த்தாள். கட்டு பிரிக்காமல் சணலோடு மூலையில் இருந்தது. பதிவேட்டில் ஏற்றினால்தான் பிரிக்க முடியும், ஏற்றுகிற ஆள் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். கட்டின் மேல் காலண்டர் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவள் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றாள். எழுதியதை யாரும் படிக்காமல் இருப்பது பழகிவிட்டது. ஒரு பெரிய மனிதர் ஊரறியத் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பதைக்கூட யாரும் படிக்க மாட்டார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

கடைசியில் படித்தது போடியில் இருக்கும் தங்கப்பாண்டியனின் சம்பந்தி. காய்ச்சலில் படுத்திருந்தவர், வேறு பொழுது போகாமல், சம்பந்தியின் படம் போட்டிருக்கிறதே என்று புத்தகத்தை எடுத்திருக்கிறார். போன் பண்ணி, இவ்வளவு பாரத்தை மனதில் வைத்துக்கொண்டா நம் வீட்டுக் கல்யாணத்தில் ஓடியாடி வேலை செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். தங்கப்பாண்டியன் அன்றைக்குத்தான் தன் அணிந்துரையை முதன்முதலாகப் படித்தார்.

அவசரச் செயற்குழு கூடியது. நாகஜோதியைக் கூப்பிட்டார்கள். தங்கப்பாண்டியன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவள் எதையும் மறைக்கவில்லை. தான்தான் வைத்ததாக நின்றபடி சொன்னாள்.

சுருளிராஜன் அதை ஏற்க மறுத்துவிட்டார். “நீ வச்சிருக்க முடியாதும்மா. மெய்ப்புக் குழு பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கு. நீ வச்சதுன்னா நாங்க யாரும் படிக்கலன்னு ஆயிரும். நாங்க படிச்சிருக்கோம். மேடையில பாராட்டியிருக்கோம். வீடியோ இருக்கு.”

“படிச்சிருந்தா எப்பிடிய்யா விட்டீக?”

அது இலக்கியம் தெரியாதவர் கேட்கிற கேள்வி என்று செயலாளர் சொன்னார். அவளுடைய ஒப்புதல் ஆதாரமற்றது என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். புத்தகத்தைத் திரும்பப் பெற்றாலும் அதே சிக்கல்தான்: ஏன் என்று கேட்பார்கள். வெகுநேரம் யோசித்த பிறகு சுருளிராஜனுக்கு வழி தெரிந்தது. நூலில் இருப்பது அணிந்துரை இல்லை, அணிந்துரை வடிவத்தில் வள்ளல் எழுதியிருக்கும் சிறுகதை. இந்த வடிவத்தை இதுவரை யாரும் முயன்றதில்லை. எனவே இந்த ஆண்டின் சிறந்த சிறுகதைக்கான பேராய விருது அவருக்கே. கதை என்று விருதே கொடுத்துவிட்டால் சம்பந்தி என்ன, போலீஸே வந்தாலும் ஒன்றும் கேட்க முடியாது.

தங்கப்பாண்டியன் திரும்பி நாகஜோதியைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். பிறகு, சரி, செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார்.

விருதுச் சான்றிதழையும் அவள்தான் அடித்தாள். ‘இக்கதையில் இடம்பெறும் சம்பவங்கள், மனிதர்கள், வாகனங்கள் யாவும் முழுக்க முழுக்கக் கற்பனையே எனப் பேராயம் சான்றளிக்கிறது’ என்ற வாசகம் தங்க நிற எழுத்தில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது.

விருது விழாவுக்குக் கர்ணன் தானாகவே வருவதாகச் சொன்னார். பொண்டாட்டி கதையை இன்னொருத்தர் எழுதியதாகப் பரிசு கொடுக்கிறார்கள் என்றால் அதையும் பார்த்துவிடலாம் என்றார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நன்றியுரை நாகஜோதிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்ததால் அவள் மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியில் இருந்தாள்.

பேராய விதிப்படி விருது பெறுபவர் தன் படைப்பிலிருந்து வாசிக்க வேண்டும். தங்கப்பாண்டியன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். ரேஷன் கடையில் அட்டையைப் படிக்கிறவர் மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். காபி, போன், வண்டிக்கு என்ன ஆச்சு. நாகஜோதி தன் வாக்கியங்களை அந்தக் குரலில் கேட்டாள். அவள் கற்பனை செய்து வைத்திருந்த குரலைவிட அது மெலிசாக இருந்தது.

‘வண்டியில் கோளாறு இருந்தது சத்தியமாக எனக்குத் தெரியாது’ என்ற இடம் வந்தது. எழுதும்போது அந்த வரியில் அவள் வெகுநாள் நின்றிருக்கிறாள். தெரிந்தே ஒரு மனிதர் அனுப்பியிருக்க மாட்டார் என்று கடைசியில் நம்பித்தான் அப்படி எழுதினாள். தங்கப்பாண்டியன் அந்த வரியை வாசித்துவிட்டு நின்றார். மறுபடியும் மனதுக்குள் வாசிப்பதுபோல உதடு அசைந்தது. புத்தகத்தை மேஜையில் வைத்தார்.

“தெரியும்” என்றார் மைக்கில். “பிரேக்கு மிதிச்சா பிடிக்காம உள்ள போகுதுன்னு ராக்கப்பன் முந்தின நாளே வந்து சொன்னான். காய் எடுப்பு நேரம், ரெண்டு நாள் பொறுன்னு நாந்தான் சொன்னேன். அவன் தூங்கல.”

 முன்வரிசையில் யாரோ தட்ட ஆரம்பித்தார்கள். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். சுருளிராஜன் மைக்கைப் பிடித்து, படைப்பாளி தன் பாத்திரமாகவே மாறிவிட்ட அபூர்வமான தருணத்துக்குப் பேராயம் சாட்சியாகிவிட்டது என்று தழுதழுத்தார். தங்கப்பாண்டியன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாலு பேர் வந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, புகைப்படத்துக்குத் திருப்பி நிறுத்தினார்கள். மாலை வாய்வரைக்கும் இருந்தது.

கை தட்டாமல் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கர்ணன். இன்னொருத்தி பந்திக்கூடத்துக்கு இறங்குகிற வாசலில் நின்ற பாண்டீஸ்வரி. இலை போட நேரமாகிவிட்டதா என்று கேட்டுவர அனுப்பியிருந்தார்கள். புடவையை இடுப்பில் சொருகி, கையில் சோப்பு நுரை காயாமல் நின்றாள்.

கர்ணன் எழுந்து அவளிடம் போனார். நாகஜோதி மேடையிலிருந்து இறங்கி, ஆட்களை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார். பாண்டீஸ்வரியிடம் அவர் பேசி எத்தனையோ வருடம்.

“முந்தின நாளே சொன்னானாமே, ஆத்தா.”

“சொன்னாக” என்றாள் பாண்டீஸ்வரி. “எங்கிட்டயும் சொன்னாக. அவுக செத்த பெறகு நான் ஒவ்வொரு வாசலா ஏறி எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒங்க வாசலுக்கும்தான் வந்தேன். நீங்க கதவச் சாத்தினீக.”

கர்ணன் தோள்துண்டை எடுத்தார், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். நாகஜோதிக்கு அந்தக் கதவு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். ஜீப்பில் போனவர்கள் அத்தனை பேரையும் பேசவிட்டு ஒரு நாவல் எழுதியவள், டிரைவருக்கு ஒரு அத்தியாயம் கொடுக்கவில்லை. தூங்கியவனிடம் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பவும் கூப்பிட்டார்கள். எழுத்தாளர் உணர்ச்சிவசப்பட்டிருப்பதால் நன்றியுரை வழங்கப்பட்டதாகவே கருதி விழா இனிதே நிறைவுறுகிறது என்று அறிவித்துவிட்டுப் பந்திக்கு இறங்கினார்கள்.

அந்த வாரமே கர்ணன், நாகஜோதி, பாண்டீஸ்வரி மூன்று பேரும், பேராயம் யூடியூபில் போட்டிருந்த விருது விழா வீடியோவைப் போனில் வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி பொறுமையாக முழுவதையும் பார்த்தார். நன்றாக நடிக்கிறார் என்றார். பேராயத்தின் சான்றிதழ் நகல் அவரிடம் ஏற்கெனவே வந்திருந்தது. வாகனங்கள் யாவும் கற்பனை என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். அச்சு சுத்தமாக இருக்கிறது, எங்கே அடித்தது என்று விசாரித்தார்.

ஆனால் கோம்பைக்குத் தெரிந்துவிட்டது. பேப்பர் படிக்காதவர்களும் போனில் வீடியோ பார்த்தார்கள். அது கதை என்று ஊரில் யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை விடியும் முன்னே கர்ணன் பாண்டீஸ்வரி வீட்டு வாசலில் போய் நின்று, பழையபடி ஏலக்காட்டுக்குக் கிளம்பும்படி கூப்பிட்டார். நாகஜோதியும் கூடப் போனாள். ஜீப் நிற்கிற இடத்துக்கு மூவரும் நடந்தார்கள்.

தங்கப்பாண்டியன் தோட்டத்து வண்டிதான் நின்றது. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் பாண்டீஸ்வரியைப் பார்த்தார்கள்.  ஒருத்தி தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவள் நகர்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் நகர்ந்தாள். இடமே இல்லாத வண்டியில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் வந்தது. பாண்டீஸ்வரி கம்பியைப் பிடித்து ஒரு காலை மேலே வைத்தவள், முன்னால் எட்டிப் பார்த்து டிரைவரிடம் கேட்டாள்.

“பிரேக்கு எப்பிடி இருக்கு தம்பி?”

“லேசா உள்ள போகுதுக்கா” என்றான் அவன். “மொதலாளிகிட்டச் சொல்லியிருக்கேன்.”

அவள் அப்படியே நின்றாள். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் ஏற வேண்டியிருந்தது. நேரமாகிறது என்றார்கள். ஏறி உட்கார்ந்தாள்.